காதோடு நிற்கட்டும்

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தால் முதல் மூன்று நாள் வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும். நாற்காலிகள் சபையிலிருந்து வந்துவிடும். பெரிய கெட்டிலைப் பக்கத்து வீட்டார் கொடுப்பார்கள். சமையலைப் பெண்கள் கூட்டத்தார் பார்த்துக்கொள்வார்கள். பர்மிய அண்டைவீட்டார் தங்கள் வழக்கப்படி ஏழாம் நாளை நினைவில் வைத்து ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அதோடு சரி. எட்டாவது வாரத்தில், போனவரின் சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அந்த அம்மா அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில், கதவைத் தட்ட ஆள் இருக்காது. நம் ஜனங்களுக்கு இரக்கம் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. எட்டாவது வாரம் யாருடைய பொறுப்பு என்று யாரிடமும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

சபை மக்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒருவர் என்று துணையாக அனுப்பும் ஊழியம் இந்த இடைவெளிக்காகவே ஏற்பட்டது. அதை நம் ஊர் நிலைமையில் எப்படி நடத்துவது, எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பர்மாவில் சின்னச் சின்னத் தமிழ்ச் சபைகளை நடத்துகிறவர்கள் இதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் ஆசை.

இந்த ஊழியத்துக்குத் திட்டமான வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து லுத்தரன் பாஸ்டர் கென்னத் ஹாக். உளவியலும் படித்தவர். சபையாரின் பாரம் அத்தனையும் ஒரே பாஸ்டர் சுமக்கக்கூடியதல்ல என்று கண்டு, 1975இல் தம் சபையில் 9 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். அது ஸ்டீபன் மினிஸ்ட்ரீஸ் என்ற அமைப்பாக வளர்ந்து, பல பிரிவுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான சபைகளுக்குப் பரவியது. அங்கே பயிற்சி 50 மணி நேரம். பிறகு இரண்டு வருட ஊழியம். வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் சந்திப்பு. மாதம் இரண்டு முறை மேற்பார்வைக் கூட்டம். அவர்களுடைய பாடப்புத்தகங்கள் அந்தத் திட்டத்தில் சேர்ந்த சபைகளுக்கு உரியவை, நகல் எடுத்துப் பயன்படுத்துவது நியாயமல்ல. ஆனால் இந்தச் சட்டகத்தை எந்தச் சபையும் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளலாம்.

ஸ்டீபன் என்ற பெயர் வேதாகமத்து ஸ்தேவானிடமிருந்து வந்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை இந்த ஊர்க் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப்போனார்கள். பெரும்பான்மையின் மொழி வேறு, இவர்களின் மொழி வேறு. முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் தாங்களே ஓடவில்லை, ஸ்தேவான் உட்பட ஏழு பேரைத் தெரிந்தெடுத்து ஒப்படைத்தார்கள். நம் பழைய வேதாகமத்தில் அந்த இடத்தில் வரும் சொல் 'விசாரணை'. துக்கம் விசாரிக்கிறோம், நலம் விசாரிக்கிறோம் என்று நாம் சொல்லும் அதே சொல். இந்த நாட்டில் அதற்குக் காவல் நிலையத்து அர்த்தமும் உண்டு என்பதால், முதலாம் அர்த்தத்தை நாம் கவனமாகக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கேட்டது வெளியே போகக் கூடாது. பயிற்சி, பாடம், ஜெபம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். பெரிய ஊரில், பெரிய சபையில் இது ஒரு விதி. நம் சபையில் இதுவே அஸ்திவாரம், ஏனென்றால் நம் சபையில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேருக்குச் சித்தப்பா, அத்தை, சம்பந்தி. யாங்கோனின் பாசுண்டாங் பேட்டையில் ஞாயிறு காலை சொன்னது தாம்வே பேட்டையில் மாலைத் தேநீருக்கு முன் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படிப் போவதும் பெரும்பாலும் வம்பாகப் போவதில்லை, ஜெபக் குறிப்பாகத்தான் போகிறது. "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், அந்த வீட்டுக்காரர் மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டாராம்." சொல்பவருக்கு உண்மையிலேயே பாரம் இருக்கலாம். ஆனால் மறுவாரம் சபை வாசலில் நாலு பேர் ஒரே மாதிரித் தலையைச் சாய்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போது அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். அவர் மட்டுமில்லை, அதைப் பார்த்த மற்றவர்களும் திறக்க மாட்டார்கள். ஒரு கசிவில் ஊழியமே படுத்துவிடும். ஆகவே முதல் விதி: துணையாளர் தான் கேட்ட எதையும் ஜெபக் கூட்டத்தில் சொல்லக் கூடாது. பெயரில்லாமலும் கூடாது, "ஒரு சகோதரிக்காக" என்றும் கூடாது. ஊழியத்தில் கேட்டதற்குத் தனிமையில்தான் ஜெபம்.

இந்த அஸ்திவாரத்தை மனத்தில் வைத்துத்தான் ஆட்களைத் தேட வேண்டும். வேத வசனம் அதிகம் தெரிந்தவர், நன்றாகப் பேசுகிறவர், எல்லா வேலைக்கும் முதலில் கை தூக்குகிறவர் என்று தேடினால் தவறான ஆட்கள் வருவார்கள். "இவரிடம் சொன்னது இதுவரை வெளியே வந்ததில்லை" என்று பெயர் எடுத்தவர் யார் என்று மூப்பர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று பேர் தனித்தனியே ஒரே பெயரைச் சொன்னால் அந்தப் பெயரை நம்பலாம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவராகக்கூட இருப்பார். கடந்த ஒரு வருடத்துக்குள் பெரிய இழப்பைச் சந்தித்தவரை இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். அவருக்கே துணை தேவைப்படும் காலம் அது. பாஸ்டரின் மனைவியையும் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அவரிடம் சொல்வது பாஸ்டரிடம் சொன்னது போல என்று சபையார் எண்ணிவிடுவார்கள், அதை மாற்ற முடியாது.

ஆறு பேர் கிடைத்தால் தொடங்கலாம். பத்துக்கு மேல் முதல் தடவை வேண்டாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், இதில் விலக்கே கூடாது. மொழியையும் பாருங்கள். 1964இல் கடைகளும் நிறுவனங்களும் தேசியமயமாகி, லட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறிய பின், தமிழ்ப் பள்ளிகளும் போய்விட்டன. இன்று இளையவர் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். சிலர் துக்கத்தைப் பர்மிய மொழியில்தான் சொல்ல முடியும். எழுபது வயதுப் பாட்டியோ கடைத்தெருவில் அருமையாகப் பர்மிய மொழி பேசுவார், ஆனால் படுக்கையில் விழுந்த பின் அம்மா பேசிய தமிழுக்கே திரும்பிவிடுவார். யாருக்கு எந்த மொழியில் அழ வருகிறது என்று கேட்டுத்தான் ஜோடி சேர்க்க வேண்டும்.

பயிற்சிக்கு 50 மணி நேரம் என்றால் மலைக்க வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்ட பின் ஒன்றரை மணி முதல் நாலு மணி வரை, இரண்டரை மணி வீதம் இருபது ஞாயிறு. மின்சாரம் முறைவைத்து வரும் ஊரில் பகல் வெளிச்சத்தில் முடிவது நல்லது. ப்ரொஜெக்டரை நம்பாதீர்கள், கரும்பலகை போதும். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: கேட்கும் பழக்கத்துக்கு 15 மணி, இரகசியம் காப்பதற்கும் எல்லைகளுக்கும் 5, ஜெபமும் வேதமும் எப்போது எப்படி என்பதற்கு 5, மரணம், நோய், மணமுறிவு, பிரிவு, வேலை இழப்பு போன்ற தனித்தனித் துயரங்களுக்கு 15, தற்கொலை எண்ணத்துக்கும் மருத்துவரிடம் அனுப்புவதற்கும் 5, முடித்து விடைபெறுவதற்கும் மேற்பார்வைக்கும் 5. எந்தத் தலைப்பானாலும் பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் பயிற்சி. விரிவுரை மட்டும் கேட்டவர் முதல் வீட்டுக்குப் போய் விரிவுரைதான் நடத்துவார்.

கேட்கும் பயிற்சிக்கு மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள். ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த உண்மையான ஒரு சின்னக் கஷ்டத்தை ஏழு நிமிடம் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்க வேண்டும். மூன்றாமவர் கையில் பென்சிலும் தாளும். கேட்பவர் யோசனை சொன்னால் ஒரு கோடு, தன் கதையைச் சொன்னால் ஒரு கோடு, வசனம் சொன்னால் ஒரு கோடு, "கவலைப்படாதீங்க" என்றால் ஒரு கோடு. முதல் தடவை தாள் கோடுகளால் நிறையும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நம்மை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். வருத்தத்தோடு ஒருவர் இருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றுவது நம் மரியாதை. அந்த மரியாதையைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கப் பழகுவதற்குத்தான் 15 மணி நேரம். நாலாம் ஐந்தாம் வாரத்தில் கோடுகள் குறைந்து, "அப்புறம்?", "அந்த நேரம் மனசு எப்படி இருந்தது?" என்ற கேள்விகள் வரத் தொடங்கினால் பயிற்சி பிடித்துவிட்டது.

யோபுவின் நண்பர்களை நாம் அதிகமாகவே திட்டுகிறோம். அவர்கள் முதலில் செய்தது சரியானது. ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் 'அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' ஆனார்கள். இந்தப் பாடத்தை நடத்தும்போது இந்த மண்ணிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்லலாம். 1813இல் ரங்கூனில் வந்திறங்கி, வேதாகமத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்த அதோனிராம் ஜட்சன். 1826இல் மனைவி ஆன் இறந்தார், ஆறே மாதத்தில் குழந்தை மரியாவும் போனாள். பிறகு அவர் ஆட்களை விட்டு விலகிக் காட்டோரம் குடிசை போட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் அருகில் உட்கார்ந்திருந்த காலம் உண்டு. விசுவாசத்தில் அவரைவிடப் பெரியவர் நம் சபையில் யார்? துக்கத்தில் மூழ்கியவரிடம் "விசுவாசம் போதல" என்று யாராவது சொன்னால் அந்தக் குடிசையை நினைவுபடுத்துங்கள்.

இனி வீட்டுக்குப் போவது. முதல் சந்திப்புக்கு முன் சபையில் இந்த ஊழியத்தை ஒருங்கிணைப்பவர் போய், துணை தேவையா என்று கேட்டு, அவருடைய சம்மதத்தை வாங்கியிருக்க வேண்டும். சம்மதமில்லாமல் "பாஸ்டர் அனுப்பினார்" என்று போய் நின்றால் தேநீர் கிடைக்கும், மனம் கிடைக்காது. முந்தின நாள் போன் செய்யுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே கிழமை, அதே நேரம். துக்கத்தில் இருப்பவருக்கு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். செவ்வாய் மூன்று மணிக்கு ஒருவர் வருவார் என்பது வாரத்துக்கு ஒரு முளை அடித்ததுபோல். இருட்டுவதற்குள் கிளம்புவதாக நேரத்தை வையுங்கள். இரவு தங்க நேர்ந்தால் வார்டு ஆபீஸில் விருந்தாளிக் கணக்குக் கொடுக்க வேண்டிய நாடு இது. துணைக்கு வந்தவர் அந்த வீட்டுக்குப் புதுத் தொல்லையாகக் கூடாது.

எங்கே உட்கார்வது என்பது சின்ன விஷயமில்லை. நம் அடுக்குமாடி வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான் இருக்கும். மருமகள் அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டால், இந்தப் பக்கம் பேசுவதும் அவள் காதில் விழும் என்று அர்த்தம். மருமகளைப் பற்றியே பேச வேண்டியிருந்தால்? அப்படிப்பட்ட வீட்டில் சபையின் சிறிய அறையில், கதவைச் சற்றுத் திறந்து வைத்து, சந்திக்கலாம். டீக்கடை வேண்டாம். இந்த ஊரில் உலக விஷயம் எல்லாம் டீக்கடை முக்காலியில்தான் பேசுகிறோம், ஆனால் அழ வேண்டியவரை அங்கே உட்கார வைப்பது அநியாயம். அக்கம்பக்கத்து மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

முதல் பத்து நிமிடத்துக்குள் மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் வருவேன். இங்கே பேசுவது என்னோடு நிற்கும், என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கோ, ஒரு பிள்ளைக்கோ, வேறு யாருக்காவதோ ஆபத்து என்றால் அதை மட்டும் நான் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. மூன்றாவதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் ஒருநாள் அதைச் செய்ய நேரும்போது அது துரோகமாகத் தெரியும். முதலிலேயே சொன்னால் வாக்கு மீறியதாகாது.

பயிற்சியில் நடித்துப் பார்க்க ஓர் உதாரணம். கணவர் இறந்து இரண்டு மாதம். அந்த அக்கா பேசிக்கொண்டே வந்து சட்டென்று, "நான் எதுக்குடி இன்னும் இருக்கேன்" என்கிறார். பழக்கதோஷத்தில் நம் வாயில் வருவது: "அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா, கர்த்தர் இருக்கார், பிள்ளைங்க இருக்கு." அக்கா தலையாட்டுவார். பேச்சு அங்கே முடிந்தது. இனி அவர் நமக்குப் பிடித்த மாதிரி மட்டும் பேசுவார். அதற்குப் பதிலாக ஐந்தாறு விநாடி சும்மா இருந்து, "இருக்கிறதே பாரமா இருக்காக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமா. காலையில கண்ணு முழிக்கிறப்ப, ஏன் முழிச்சோம்னு இருக்கு." இப்போது தயங்காமல் அடுத்ததைக் கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாக்கா? ஏதாவது செஞ்சுக்கலாம்னு யோசிச்சீங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறு. நேராகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை, அடைபட்டிருந்த ஒன்றைச் சொல்ல வழி விடுகிறது. "இல்லடி, அவர் இல்லாம பிடிக்கல, அவ்வளவுதான்" என்று வந்தால் தொடர்ந்து கேளுங்கள். "மாத்திரை எல்லாம் சேர்த்து வச்சிருக்கேன்" என்று வந்தால் அந்த ஒரு மணி நேரக் கணக்கு அங்கேயே ரத்து. அவரைத் தனியே விட்டு வரக் கூடாது. மாத்திரை, பூச்சிமருந்து எதுவானாலும் வீட்டிலிருந்து வெளியேற வேண்டும். ஒருங்கிணைப்பவரை அழைத்து, குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரோடு அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். "யாருக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கெஞ்சினாலும் சத்தியம் கொடுக்கக் கூடாது.

ஜெபம் சந்திப்பின் முடிவில், கேட்டுவிட்டு. "ஜெபிக்கலாமாக்கா? எதுக்காக ஜெபிக்கணும்?" அவர் சொன்ன சொற்களையே வைத்து இரண்டு நிமிடம். சந்திப்பில் சொல்லாமல் அடக்கிய யோசனைகளை ஆண்டவரிடம் சொல்வதுபோல் அவருக்குச் சொல்லும் ஜெபம் ஜெபமில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நீங்கள் பஸ்ஸில் ஜெபிக்கலாம். வசனத்தில் நிதானம் வேண்டும். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனம் உண்மைதான், ஆனால் குழந்தையை அடக்கம் செய்து மூன்று வாரமான தாயிடம் அதைச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அவளே ஒருநாள் சொன்னால் சொல்லட்டும். அந்த வாரங்களில் 13ஆம் சங்கீதம் போதும், ஆறே வசனம், கேள்வியில் தொடங்குவது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அப்படி ஒன்றும் வேதத்தில் இருக்கிறது என்று கேட்கும்போதே சிலருக்கு மூச்சு வரும்.

இந்த நாட்டில் சாவைவிடக் கடினமான ஒரு துக்கம் பரவிக்கிடக்கிறது. அடக்கம் இல்லாத துக்கம். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் 1,30,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். காணாமல் போனவர்களின் வீட்டில் இன்றும் சிலர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஜூலையில் கோவிட் அலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற வீடுகளில் பலருக்கு முகம் பார்த்து அனுப்பும் பாக்கியம்கூட இல்லாமல் போயிற்று. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின், 18 முதல் 35 வயதுப் பையன்கள் இருக்கும் வீடுகளில் நாற்காலி காலியாகிக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை பகலில் மண்டலையையும் சகாயிங்கையும் உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்துக்குப் பின், தூரத்து உறவுகளைத் தேடிக் களைத்த வீடுகள் வேறு.

மகன் போய்விட்டான், செத்துவிடவில்லை, ஆனால் இல்லை. இந்தத் தாய்க்கு மூன்றாம் நாள் ஜெபமும் கிடையாது, கறுப்புச் சேலையும் கிடையாது. அழுதால் "நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் அழற" என்பார்கள். இங்கே துணையாளர் செய்யக்கூடியது, இதுவும் துக்கம்தான் என்று ஒத்துக்கொள்வது. அவன் பெயரைச் சொல்ல விடுவது. பிறந்தநாள் வரும் வாரம் எது என்று கேட்டு நினைவில் வைத்திருப்பது. "சீக்கிரம் வந்துடுவான்" என்று சொல்லக் கூடாது, நமக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்காதீர்கள். எந்த வழியாகப் போனான், யார் கூட்டிப்போனது, யார் பணம் அனுப்புகிறார், எதுவும் வேண்டாம். அவர் சொல்ல வந்தாலும், "இடம் எனக்குத் தெரிய வேண்டாம்மா, நீங்க எப்படி இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று திருப்புங்கள். தெரியாததை நம்மிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. அதே காரணத்துக்காகப் போனில் குறிப்பு எழுதக் கூடாது. வைபரில் "அந்த அக்காவைப் பார்த்தேன், பையன் விஷயமா அழுதாங்க" என்று ஒருங்கிணைப்பவருக்கு ஒரு வரி அனுப்புவதும் கூடாது. வழியில் நிறுத்திப் போனைத் திறக்கச் சொல்லும் காலம் இது. எழுதியே ஆக வேண்டுமென்றால் ஒரு சின்ன நோட்டில் தேதி, சந்திப்பு எண், நான் செய்ததில் எது சரி, எது தவறு, இவ்வளவுதான். பெயர் இல்லை, முதலெழுத்தும் இல்லை. ஊழியம் முடிந்ததும் நோட்டு அடுப்புக்குப் போக வேண்டும்.

பணத்தில் ஒரே விதி. துணையாளர் கொடுக்கவும் கூடாது, கடன் வாங்கித் தரவும் கூடாது. அரிசி விலை இருக்கும் நிலையில் இதைச் சொல்வது கல்நெஞ்சாகத் தோன்றும். ஆனால் பணம் நடுவே வந்த நாளிலிருந்து அந்த ஒரு மணி நேரம் கணக்குப் பேச்சாகிவிடும், வாங்கியவர் அடுத்த வாரம் கதவைத் திறக்கவே கூசுவார். தேவை தெரிந்தால், "சபை நிதியில கேட்கட்டுமா?" என்று அனுமதி வாங்கி மூப்பரிடம் சொல்லுங்கள், உதவி அந்த வழியாகப் போகட்டும். அவர் தட்டில் வைக்கும் லப்பெட் என்ற ஊறவைத்த தேயிலைத் தின்பண்டத்தையும் தேநீரையும் மட்டும் மறுக்காதீர்கள். பெற்றுக்கொண்டே இருப்பவருக்கு ஒரு தட்டு நீட்டுவது தெம்பு.

மேற்பார்வைக் கூட்டத்துக்கு வருவோம். மாதம் இரண்டு முறை, இரண்டு மணி நேரம். பயிற்சியை நன்றாக நடத்திவிட்டு இதை விட்டுவிடும் சபைகளில் ஊழியம் உலர்ந்துபோகும். காரணம் எளிது. வாரா வாரம் இன்னொருவரின் துக்கத்தைக் கேட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவருக்கு அது உள்ளே கட்டியாகிவிடும். தூக்கம் போகும், அல்லது ஒருநாள் வீட்டுக்காரரிடம் கொட்டிவிடுவார். கசிவுக்குப் பெரும் காரணம் கெட்ட எண்ணமில்லை, தாங்க முடியாமைதான். இறக்கிவைக்க ஓர் இடம் கொடுத்தால் கசியாது.

ஆனால் சின்னச் சபையில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. "மூணு பொண்ணு, வீட்டுக்காரர் துறைமுகத்துல வேலை" என்றால் எல்லாருக்கும் வீட்டு எண்ணே தெரிந்துவிடும். ஆகவே கூட்டத்தில் பேசப்படுவது அவரைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. "இந்த வாரம் அவங்க கோபப்பட்டப்ப நான் பயந்து பேச்சை மாத்திட்டேன்." "ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்துட்டேன், எழுந்திருக்க முடியல." "நான் இல்லன்னா இவங்க என்ன ஆவாங்களோன்னு தோணுது." கடைசியில் சொன்னது அபாய மணி. அதற்குக் கதை தெரியத் தேவையில்லை, அந்தத் துணையாளரைத்தான் கவனிக்க வேண்டும். முடிந்தால் இரண்டு சபைகள் சேர்ந்து ஒரே கூட்டமாக நடத்துங்கள். மெதடிஸ்டு, பாப்டிஸ்டு, ஆங்கிலிக்கன் என்று நம் தமிழ்ச் சபைகள் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்திலும் இருக்கின்றன. வேறு சபையாருக்கு நம் வீடுகள் தெரியாது, அதுவே பாதுகாப்பு.

யார் யாருக்குத் துணை என்பது ஒருங்கிணைப்பவருக்கும் பாஸ்டருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். துணையாளரின் கணவனோ மனைவியோ "ஊழியத்துக்குப் போயிருக்காங்க" என்பதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாஸ்டரும் "அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று துணையாளரிடம் கேட்கக் கூடாது. அவரிடமே போய்க் கேட்கலாமே. இதைப் பாஸ்டருக்குப் பயிற்சியின் முதல் வாரமே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும், பின்னால் சொல்வது கஷ்டம்.

மனச்சோர்வு வாரக்கணக்கில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் தின்றுகொண்டிருந்தால், இல்லாத குரல்கள் கேட்டால், குடி மிஞ்சினால், வீட்டில் அடி விழுந்தால், அது துணையாளரின் எல்லைக்கு வெளியே. மருத்துவரிடம் போகச் சொல்வது கைவிடுவதாகாது, கூடவே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரலாம். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சபையில் சொன்னால் மூப்பர்கள் வெளிப்படையாகத் திருத்த வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடாத மூப்பர் எத்தனை பேர்?

முடிப்பதுதான் பலருக்கு வராது. அந்த அக்கா சந்தைக்குப் போகத் தொடங்கியிருப்பார், பேத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார், உங்களைப் பற்றியும் விசாரிப்பார். ஒரு செவ்வாய் "இன்னைக்கு வேலை இருக்குடி, நாளைக்கு வரியா" என்று போன் செய்வார். நல்ல அடையாளம். அப்போது வாரம் ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்குங்கள். கடைசிச் சந்திப்பின் தேதியை மூன்று சந்திப்புக்கு முன்பே சொல்லுங்கள். ஒரு சாவைப் பார்த்தவருக்கு இன்னொருவர் சொல்லாமல் நின்றுபோவது மறுபடி ஒரு சாவு. கடைசி நாளில், வந்த நாள் முதல் இன்றுவரை அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். மறுபடி தேவைப்பட்டால் யாரை அழைப்பது என்று ஒருங்கிணைப்பவரின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

அதற்கடுத்த ஞாயிறு சபையில் அவரைப் பார்ப்பீர்கள். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்க வேண்டாம். எல்லாருக்கும் சொல்வதுபோல் "ஸ்தோத்திரம் அக்கா" சொல்லிவிட்டு உங்கள் வரிசைக்குப் போங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் இருவருக்கும் நடுவே என்ன இருந்தது என்று தெரிய வேண்டியதில்லை.